முன்னால் ஆபத்து என்று யார் சொல்வது: வைஃபையா, செல்லுலாரா, கிளவுடா?

நெடுஞ்சாலையில் உங்களுக்கு முன்னால் ஒரு லாரி, லாரிக்கு முன்னால் ஒரு கார். அந்தக் கார் சடன் பிரேக் அடித்தால், லாரிக்காரர் பார்த்து மிதித்த பிறகுதான் உங்களுக்கு விஷயமே தெரியும். 100 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் போய்விடும். அந்தக் காரே உங்கள் காரிடம் நேரடியாகச் சொல்லிவிட்டால் என்ன? இதற்கு மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன.

மூத்தது டிஎஸ்ஆர்சி (DSRC), வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேசும் குறுந்தூர ரேடியோ. வைஃபையின் உறவுக்காரன். அமெரிக்கா 1999-லேயே 5.9 கிகாஹெர்ட்ஸில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை இதற்காக ஒதுக்கியது. ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலையை நொடிக்குப் பத்து முறை வரை ஒலிபரப்பும். டவர் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். தொழில்நுட்பத்தில் பெரிய குறை இல்லை. பேச ஆள்தான் இல்லை. நூறில் பத்து வண்டிகளில் இந்தக் கருவி இருந்தால், எதேச்சையாகச் சந்திக்கும் இரண்டு வண்டிகளிலும் அது இருக்க வாய்ப்பு நூறில் ஒன்றுதான். காடிலாக் 2017-இல் சிடிஎஸ் காரில் வைத்துப் பார்த்தது, மற்றவர்கள் பின்தொடரவில்லை. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வேகன் 2019-இல் எட்டாம் தலைமுறை கோல்ஃபில் இதே குடும்பத்து ரேடியோவை எல்லா மாடலிலும் சேர்த்தே கொடுத்தது. அதுதான் சரி. ‘ஆப்ஷனல்’ என்று வைத்தால் இதற்கென்று தனியாக யார் காசு கொடுப்பார்?

அடுத்தது சி-வி2எக்ஸ் (C-V2X), மொபைல் போன் தொழில்நுட்பத்திலிருந்து வந்த ரேடியோ. பெயரில் செல்லுலார் இருப்பதால் சிம் வேண்டும், டவர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இதிலும் வண்டிக்கு வண்டி நேரடிப் பேச்சு உண்டு. மொபைல் சிக்னலே இல்லாத மலைப்பாதையிலும் வேலை செய்யும். எதிர் வண்டியின் ரேடியோ அலை பலவீனமாகும் தூரத்திலும் செய்தி ஓரளவு தேறும் என்பது இதன் பலம். சிக்கல் என்னவென்றால், இரண்டு ரேடியோவும் ஒரே அலைவரிசையில் இருந்தும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. சீனா 2018-இல் சி-வி2எக்ஸ் பக்கம் போனது. அமெரிக்கா 2020-இல் பழைய ஒதுக்கீட்டில் 45 மெகாஹெர்ட்ஸை வீட்டு வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30-ஐ சி-வி2எக்ஸுக்கு வைத்தது. இருபது ஆண்டு காலியாகக் கிடந்த நிலத்தை வேறு யாராவது கேட்கத்தானே செய்வார்கள்! (ஜப்பான் இந்தச் சண்டைக்கே வரவில்லை. டொயோட்டா அங்கே 2015 முதல் 760 மெகாஹெர்ட்ஸில் தன் பாட்டுக்குக் கார்களைப் பேச வைத்தது.)

மூன்றாவது, கிளவுட். வோல்வோ 2016-இல் ஸ்வீடனிலும் நார்வேயிலும் தொடங்கியது. பனியில் சக்கரம் வழுக்கினாலோ ஹசார்டு லைட் போட்டாலோ, கார் அதைச் சாதாரண மொபைல் நெட்வொர்க் வழியாக சர்வருக்கு அனுப்பும். அந்தப் பக்கம் வரும் மற்ற வோல்வோக்களுக்கு எச்சரிக்கை போகும். ஒரு கார் வழுக்கினால் போதும், அரை மணி கழித்து வருபவரும் உஷாராகலாம். நெட்வொர்க் இல்லாத இடத்தில் ஒன்றும் நடக்காது. வேறு கம்பெனி காருக்குச் சொல்வதென்றால் தகவலைப் பகிர ஒப்பந்தம் வேண்டும்.

என்னைக் கேட்டால், பனி, மூடுபனி, பழுதாகி நிற்கும் லாரி போன்ற நீண்ட நேர ஆபத்துக்கு கிளவுடே போதும்; அதற்காக ரேடியோ வாங்க வேண்டியதில்லை. சடன் பிரேக்குக்கு மட்டும் நேரடி ரேடியோ இல்லாமல் முடியாது. தகவல் சர்வர் வரை போய்த் திரும்புவதற்குள் இடித்திருப்பீர்கள். அந்த ரேடியோ எது என்பதில், பத்து வருடம் முன்பென்றால் தயாராக இருந்த டிஎஸ்ஆர்சி என்றிருப்பேன். இன்று ஐரோப்பாவைத் தவிர மற்ற இடங்களில் அதற்குப் பணம் போடுவது வீண்.