தனி அனுமதியா, மொத்த அனுமதியா?

ஜூரோங், துவாஸ் பக்கம் பம்பு, வால்வு, சென்சார் ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. ஆலைக்கும் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய சரக்கு, அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தால், 2003 முதல் சிங்கப்பூர் சுங்கத்துறையின் அனுமதி தேவை.

வேலை: தனி அனுமதியில் ஒவ்வொரு சரக்குக்கும் புது விண்ணப்பம். மொத்த அனுமதியில் ஒரே ஒப்புதலில் பலமுறை அனுப்பலாம்.

முன்தயாரிப்பு: தனிக்கு, முக்கியமாக வாங்குபவர் யார், எதற்கு என்ற விவரம் வேண்டும். மொத்தத்துக்கு, பொறுப்பாளர், ஊழியர் பயிற்சி, வாடிக்கையாளர் சோதனை, உள்தணிக்கை என நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கட்டுக்கோப்பு வேண்டும். சிறிய அலுவலகத்துக்கு இது பெரிய சுமைதான்.

பட்டியல்: இரண்டுக்கும் ஒன்றே. ஆயுதம், இருவகையிலும் பயன்படும் பொருள் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டமைப்பான வாசெனார் ஏற்பாட்டில் சிங்கப்பூர் உறுப்பினர் அல்ல. ஆனாலும் நம் பட்டியல் வாசெனார், ஐரோப்பிய ஒன்றியப் பட்டியல்களை ஒட்டியது. அதனால் ஜெர்மன் உற்பத்தியாளர் தரும் வகைப்பாட்டு எண் (பட்டியலில் அந்தப் பொருளுக்குரிய எண்) இங்கும் வழிகாட்டும். பட்டியல்கள் இப்படி ஒத்துப்போகாவிட்டால் சின்ன வியாபாரிதான் முதலில் திணறுவார்.

பொறுப்பு: பட்டியலில் இல்லாத பொருளும் பேரழிவு ஆயுதத்துக்குப் போகும் என்று சந்தேகம் வந்தால், அதற்கும் அனுமதி வேண்டும். ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

எப்போதாவது அனுப்புபவர், புது வாடிக்கையாளர் பிடிப்பவர் தனி அனுமதியே எடுங்கள். வாராவாரம் அதே ஆட்களுக்கு அனுப்புபவருக்கு மொத்த அனுமதி.