வாட் மீட்டர்: ஹீட்டர் ராடு மீதிருந்த சந்தேகம் தீர்ந்தது

1500 வாட் என்று அச்சிடப்பட்ட எங்கள் ஹீட்டர் ராடு, மாலை வேளைகளில் ஒரு வாளித் தண்ணீரைச் சூடாக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டதால், பிளக்கில் செருகும் 16 ஆம்பியர் வாட் மீட்டர் ஒன்றை வாங்கினேன். அது 212 வோல்ட், 6.0 ஆம்பியர் என்று காட்டியது. இரண்டையும் பெருக்கினால் 1272 வாட், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ராடின் மின்தடை 35.3 ஓம். வீட்டு மின்சாரத்தின் வழக்கமான அளவான 230 வோல்ட்டின் வர்க்கமான 52,900-ஐ அதே 35.3 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 1500 வாட்டே கிடைப்பதால், குறை ராடில் இல்லை, மாலையில் தாழ்ந்துவிடும் மின்னழுத்தத்தில்தான் என்பது உறுதியாயிற்று. மின்விசிறிக்கு இப்படி வெறுமனே பெருக்கிவிட முடியாது. அங்கே திறன் காரணியும் (வோல்ட்-ஆம்பியர் பெருக்கத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) சேரும் என்பதால், அதையும் இந்த மீட்டர் தனியே காட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. திரையில் பின்னொளி இல்லாததால், குளியலறைச் சுவரோரம் டார்ச் அடித்துத்தான் எண்களைப் படிக்க வேண்டியிருக்கிறது.