‘ஹார்மோன் பூஸ்ட்’ ஊசிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

எனக்கு வயது 53. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. தாம்பத்தியத்தில் ஆசை என்பதே அற்றுப்போயிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் அக்கா தங்கையிடம்கூடப் பேசிப் பழக்கமில்லையே நமக்கு. போனில் வந்த ஒரு வெல்னெஸ் கிளினிக் விளம்பரத்தை நம்பிப் போனேன்.

ரத்தம் எடுத்தார்கள். “டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் கம்மி மேடம், அதான் பிரச்சினை” என்றார்கள். ஆண் ஹார்மோன் என்பார்களே, அதுதான்; பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, நான்கு ஊசிக்கு 42,000 ரூபாய். என்ன மருந்து என்று கேட்டேன். “நேச்சுரல் ஹார்மோன்தான்” என்றார்கள். பில்லிலும் ‘ஹார்மோன் பூஸ்ட்’ என்று மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு முகமெல்லாம் பரு, தாடையில் முடி. ஆசை வந்ததா என்றால், வந்தது. ஆனால் படபடப்பும் எரிச்சலுமாக, எனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் போல வந்தது. கேட்டால், “மருந்து நல்லா வேலை செய்யுது மேடம்” என்றார்கள். மூன்றாவது ஊசிக்கு அப்புறம் குரல் கட்டியது. சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் எங்கள் கோயிலில் திருப்பாவை பாடும் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். ஐந்து கட்டை சுருதியில் பாடியவள். இப்போது மூன்று கட்டையில்கூட மேல் ஸ்தாயி எட்டவில்லை. போனில் பேசினால் “சார்” என்கிறார்கள்.

நான்காவது ஊசிக்குப் போகாமல் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “சேரும்போது வலிக்குதாம்மா?” வலித்தது. இரண்டு வருடமாக வலித்தது. வலிக்கும் இடத்தில் ஆசை எப்படி வரும்? கிளினிக்கில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. நான் சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரையைப் பற்றியும் கேட்கவில்லை. அதுவும் ஆசையைக் குறைக்கக்கூடியது.

அவர் எழுதிக் கேட்ட பிறகுதான் கிளினிக் மருந்தின் பெயரைச் சொன்னது. ஆண்களுக்குப் போடும் 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆஸ்திரேலியாவில் 2020-ல் பெண்களுக்கென்றே அனுமதித்த கிரீமில், தினமும் தோலில் தடவுவது 5 மில்லிகிராம்தான். அதிலும் கொஞ்சம்தான் உடம்புக்குள் போகும்.

சிகிச்சையே பொய் என்று சொல்லவில்லை. மாதவிலக்கு நின்றபின் ஆசை குறைந்து, அதனால் மனம் வருந்தும் பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஓரளவு பலன் தரும் என்று 2019-ல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து அறிக்கை வெளியிட்டிருக்கின்றன. ஆனால் அதே அறிக்கை ரத்த அளவை மட்டும் வைத்து இந்தப் பிரச்சினையை முடிவுசெய்ய முடியாது என்கிறது. அளவை மீறி ஏற்றும் ஊசியும் தோலுக்கடியில் வைக்கும் பெல்லட் என்ற சிறு மருந்துக் குளிகையும் வேண்டாம் என்கிறது. கொடுத்தால் இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும், ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். எனக்கு ஊசி தொடங்கிய பிறகு ஒருமுறைகூட ரத்தம் பார்க்கவில்லை.

அதனால் ஊசியின் பெயரும் மில்லிகிராமும் எழுத்தில் கையில் வராமல் கை நீட்டாதீர்கள். பருவும் முடியும் மருந்தை நிறுத்தினால் மெல்லக் குறையலாம். குரல் திரும்பாமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வலிக்குக் காரணமான பிறப்புறுப்பு வறட்சிக்கு ஈஸ்ட்ரியால் என்ற பெண் ஹார்மோன் கிரீம் கொடுத்தார். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிளினிக்கில் பாதிப் பணம் தருகிறோம், புகார் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் போடவில்லை.