ஸ்கை போர்ஸ் ரீலோடட்: பத்து டொலருக்குள் ஒரு நல்ல சுடும் விளையாட்டு

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் தலவாக்கலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அப்படி ஒரு லீவில்தான் அக்கா மகனும் நானும் இந்த கேமை ஆரம்பித்தோம். நைட் டேட்டாவில் இறக்கியது, என்னுடைய பழைய லெப்டொப்பில் தனி கிராபிக்ஸ் கார்ட்கூட இல்லை, செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்ததும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

போலந்தின் இன்பினிட் டிரீம்ஸ் என்ற நிறுவனம் செய்த கேம் இது. 2004இல் சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடிய அந்தக் கால போன்களுக்கு வந்த பழைய ஸ்கை போர்ஸ் சிலருக்கு நினைவிருக்கலாம். ரீலோடட் 2016இல் மொபைலுக்கும் அடுத்த வருடம் கணினிக்கும் வந்தது. கணினி கேம்களை விற்கும் ஒன்லைன் கடையான ஸ்டீமில் முழு விலை 9.99 டொலர். மேல்நோக்கி நகரும் திரை, கீழே நம் சிறிய விமானம், எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும். ஜெனரல் மாண்டிஸ் என்று ஒரு வில்லன் இருக்கிறான், கதை அவ்வளவுதான், அதைத் தேடி யாரும் இதை வாங்க வேண்டாம்.

எனக்கு இந்த கேமைப் பிடிக்க வைத்தது சுடுவது அல்ல, ஆட்களைக் காப்பாற்றுவது. தரையில் சிக்கியவர்கள் கையசைத்துக்கொண்டு நிற்பார்கள், அவர்களுக்கு மேலே சில விநாடி விமானத்தை அசையாமல் நிறுத்தினால்தான் ஏற்ற முடியும், அந்த நேரம் பார்த்துத்தான் பீரங்கியும் சுடும். பாதியில் விலகினால் மறுபடியும் முதலிலிருந்து. ஓடித் தப்புவதா, நின்று காப்பாற்றுவதா என்று அரை விநாடியில் முடிவெடுக்க வைக்கிற இந்த ஒரு விஷயத்துக்காகவே காசு கொடுக்கலாம். இருவராக விளையாடும்போது இன்னும் நன்றாக இருக்கிறது. "மாமா, நீங்க ஆள எடுங்க, நான் சுடுறேன்" என்று அக்கா மகன் முன்னால் போவான், நான் பின்னால் நிற்பேன். ஆனால் இருவரும் ஒரே திரைக்கு முன்னால் இருக்க வேண்டும், கொழும்பில் இருக்கும் நண்பனோடு நெட்டில் சேர்ந்து ஆட வழியில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நம் துப்பாக்கி பாவம், ஒரு டாங்கியை உடைப்பதற்குள் அது திரையை விட்டே போய்விடும். நட்சத்திரங்களைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் துப்பாக்கி, ஏவுகணை, காந்தம் எல்லாவற்றையும் படிப்படியாக ஏற்ற வேண்டும். காந்தத்தை முதலில் ஏற்றுங்கள், தூரத்து நட்சத்திரமும் தானாக வந்து சேரும். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு மெடல்: எழுபது சதவீத எதிரிகளை அழிப்பது, அப்புறம் நூறு சதவீதம், எல்லா ஆட்களையும் காப்பாற்றுவது, ஒரு அடியும் வாங்காமல் முடிப்பது. போதுமான மெடல் இல்லாவிட்டால் அடுத்த கட்டம் திறக்காது. அதனால் முடித்த கட்டத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன காலத்தில் வாரம் ஒரு தடவை அதே மலைக்குத்தான் போவார், ஆனால் அதற்குள் அங்கே புதுக் கொழுந்து துளிர்த்திருக்கும். இங்கே ஐந்தாவது தடவை போனாலும் அதே எதிரி அதே மூலையிலிருந்துதான் வருகிறான். மனப்பாடம் செய்து அடி வாங்காமல் முடிக்கும்போது வரும் சந்தோஷம் உண்மைதான், ஆனால் வெறும் நட்சத்திரத்துக்காகப் போகிற தடவைகளில் எனக்கு அலுத்துவிட்டது. இன்னொன்று, வெடிப்பின் வெளிச்சத்துக்குள் எதிரியின் குண்டு சில நேரம் மறைந்துவிடுகிறது. அடி வாங்கக் கூடாது என்று கேட்கிற கேமில் இது நியாயமில்லை.

ஒரு கட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். இடி மின்னலில் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாத எங்கள் பக்கத்துக்கு இது பெரிய வசதி, லெப்டொப் பெட்டரி தாங்குகிற நேரத்திலேயே இரண்டு மூன்று கட்டம் ஆடிவிடலாம்.

மொபைலில் இது இலவசம், விளம்பரம் வரும், உள்ளே காசுக்கு வாங்கவும் சொல்லும். போனில் விரலே பாதித் திரையை மறைப்பதால் நான் அங்கே நீண்ட நேரம் ஆடவில்லை. இருந்தாலும் வாங்குவதற்கு முன் இரண்டு கட்டம் அதில் ஆடிப் பாருங்கள். பிடித்திருந்தால் ஸ்டீமில் விலை குறையும்வரை பொறுத்து வாங்கி, மிச்சக் காசை இரண்டாவது கொன்ட்ரோலருக்குப் போடுங்கள்.