காஸ் பில்லைக் குறைக்கும் சாமான்கள்: எது காசுக்குத் தகும், எது தகாது

குளிர்காலத்து காஸ் பில் கட்ட முடியாத தொகையாக வந்து நிற்கும்போது, அதைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் சாமான்கள் வரிசையாகக் கண்ணில் படும். அறைச் சூட்டைப் பார்த்து ஹீட்டிங்கைப் போட்டு அணைக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் வால்வு, சுவரில் ஒட்டும் வெள்ளித் தாள், தண்ணீரைச் சிக்கனமாக விடும் ஷவர், காஸ் குழாயில் மாட்டும் காந்தம் என்று பட்டியல் நீளும். பாய்லரும் ரேடியேட்டரும் உள்ள வீட்டுக்கு, அதாவது காஸில் எரியும் பாய்லர் சூடாக்கிய தண்ணீர் ரேடியேட்டர்களில் ஓடி அறைகளைச் சூடேற்றும் வீட்டுக்கு, இவற்றில் எது உதவும் என்று பார்ப்போம். எவ்வளவு காஸ் மிச்சம், நாமே பொருத்திக்கொள்ள முடியுமா, தப்பாகப் பயன்படுத்தினால் என்ன கெடும் என்ற மூன்றையும் வைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறது. விலைக்கும் பலனுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

சுவரில் ஏற்கெனவே தொங்கும் மீட்டர்

வாங்க வேண்டிய அவசியமே இல்லாத இந்தச் சாமானுக்குத்தான் முழு மதிப்பெண். காஸ் மீட்டர் அளப்பது கொள்ளளவை. பில்லில் வருவது கிலோவாட் மணி. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 39 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. அதை 3.6 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11 கிலோவாட் மணி. மீட்டர் முகப்பில் கன மீட்டர் என்று போட்டிருக்கிறதா, கன அடி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100 கன அடி என்பது 2.83 கன மீட்டர். கன மீட்டரில் ஓடும் மீட்டரை நிறுவனம் தன் பதிவேட்டில் கன அடி மீட்டர் என்று ஏற்றி வைத்திருந்தால், எரித்த காஸுக்கு 2.83 மடங்கு பில் வரும். வீட்டில் எதுவும் மாறாமல் பில் மட்டும் மூன்று மடங்கை ஒட்டி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மீட்டரில் பொறித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா, பில்லில் இருக்கும் ரீடிங் நேரில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அரை மணி நேரச் சோதனை. பாய்லர், அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் தசம இலக்கங்கள் உட்பட மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடம் கழித்துக் கடைசி இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ காஸ் போகிறது. பழைய பாய்லரில் எப்போதும் எரியும் பைலட் சுடர் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். 200 வாட் அளவுள்ள சுடர் நாளுக்கு 5 கிலோவாட் மணி வரை தின்றுவிடும். பைலட்டும் இல்லையென்றால் கசிவு. மீட்டர் பக்கத்து வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து அவசர எண்ணை அழைக்க வேண்டியதுதான். அடுக்குமாடியில் இன்னொரு சோதனையும் உண்டு: உங்கள் அடுப்பில் ஒரு பர்னரை மட்டும் எரியவிட்டு, உங்களுடையது என்று சொல்லப்படும் மீட்டரைப் பாருங்கள். அது அசையாமல் நின்றால், இத்தனை நாளும் பக்கத்து வீட்டு வெந்நீருக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

ஹீட்டிங் போடாத ஒரு நாளின் கணக்கையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் ஷவரில் பத்து நிமிடம் குளித்தால் 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற வேண்டும். பாய்லரின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 4 கிலோவாட் மணி. இரண்டு பேர் குளித்து, கொஞ்சம் சமைத்தால் 10 கிலோவாட் மணியை ஒட்டி நிற்க வேண்டும். கோடையிலேயே அது 20, 25 என்று ஓடினால் கோளாறு ரேடியேட்டரில் இல்லை. தொட்டி இல்லாமல் உடனுக்குடன் வெந்நீர் தரும் காம்பி பாய்லரில் 'பிரீஹீட்' என்று ஒரு வசதி உண்டு. குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரவேண்டும் என்பதற்காக, யாரும் கேட்காதபோதும் இரவும் பகலும் அவ்வப்போது எரிந்து அணையும். அதை அணைத்து 'ஈகோ'வில் வைத்தால் வெந்நீர் வரச் சில வினாடி கூடுதலாகும். அந்தக் காத்திருப்பு தாங்கக்கூடியதுதான்.

வீட்டுக்குள் வைக்கும் டிஸ்பிளே

ஸ்மார்ட் மீட்டரோடு தரும் சிறிய திரை. மின்சாரத்துக்கு அருமையானது: கெட்டிலைப் போட்டால் உடனே எண் எகிறுவது தெரியும். காஸ் மீட்டர் பேட்டரியில் ஓடுவதால் அரை மணிக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்பும். ஆகவே இப்போது பாய்லர் எவ்வளவு எரிக்கிறது என்று இந்தத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும். காலையில் எழுந்ததும், எதையும் எரிக்காமலேயே திரையில் ஒரு தொகை நிற்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது அன்றைய நிலைக் கட்டணம். மாதச் செலவுக்கு வரம்பு போட்டுக்கொள்ள உதவும், கோளாறு கண்டுபிடிக்க உதவாது. இலவசமாகத் தந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

குழாயில் கவ்வும் தெர்மாமீட்டர் இரண்டு

காசு கொடுத்து வாங்குபவற்றில் முதலிடம் இதற்கு. பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் ஒன்று, திரும்பி வரும் குழாயில் ஒன்று. கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியும் போதும்தான், ஆனால் பளபளக்கும் செம்புக் குழாய்மேல் அதை நேராகக் காட்டினால் பத்து இருபது டிகிரி குறைத்துக்கூடக் காட்டும். குழாயில் ஒரு சுற்று கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளக்க வேண்டும்.

இதை எதற்கு அளக்கிறோம்? இப்போது விற்கும் பாய்லர்கள் கண்டென்சிங் வகை. காஸ் எரியும்போது உண்டாகும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. காஸின் மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியில்தான் ஒளிந்திருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி தண்ணீராகும். பல பாய்லர்களைப் பொருத்தும்போதே 70, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பும் தண்ணீர் 60க்குக் கீழே இறங்குவதே இல்லை. கண்டென்சிங் பாய்லருக்கு விலை கொடுத்துவிட்டு, அந்தப் பத்தில் ஒரு பங்கைப் புகைக்குழாய் வழியே தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

பாய்லர் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட திருகை 60க்கு இறக்குங்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு 55க்கு இறக்கலாம். இரண்டு மணி நேரமாகியும் அறை வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்றால் 5 டிகிரி ஏற்றுங்கள். கடுங்குளிர் வாரத்தில் ஏற்றிவிட்டு மறுபடி இறக்க மறக்கக் கூடாது. பலன் கிடைக்கிறதா என்பதை பாய்லருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வடிகுழாய் காட்டிக்கொடுக்கும். ஒரு கன மீட்டர் காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உண்டாகிறது. குழாய் நுனி சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தால் சேமிப்பு நடக்கிறது என்று அர்த்தம். காய்ந்து கிடந்தால் இன்னும் இறக்க வேண்டும், அல்லது வடிகுழாய் அடைத்திருக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் தப்பு நடக்கும். ஒன்று, குளிக்கும் வெந்நீருக்கான, குழாய்ப் படம் போட்ட திருகைத் திருப்பிவிட்டு, பில் குறையவில்லையே என்று காத்திருப்பது. மற்றது ஆபத்தானது: வெந்நீரைத் தொட்டியில் சேமித்து வைக்கும் வீட்டில் தொட்டியின் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்குவது. அதில் லெஜியோனெல்லா கிருமி வளரும். தொட்டிக்குத் தனி அமைப்பு இல்லாத பாய்லரில் ஹீட்டிங் திருகை இறக்கினால் தொட்டியும் சேர்ந்து இறங்கிவிடும் என்பதால், அந்த வீடுகளில் முதலில் மெக்கானிக்கைக் கேட்பது நல்லது. ரேடியேட்டர் முன்போலக் கை சுடாமல் வெதுவெதுப்பாக இருப்பதைப் பார்த்து பாய்லர் பழுது என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படித்தான் இருக்க வேண்டும். குறைந்த சூட்டில் கூடுதல் நேரம் ஓடும்.

பாய்லர் முன்னால் பத்து நிமிடம் நின்றும் பாருங்கள். இரண்டு நிமிடம் எரிந்து, அணைந்து, மறுபடி எரிகிறதா? வீட்டைச் சூடாக்க 6 கிலோவாட் போதும் என்கிற இடத்தில், ஷவருக்காக 30 கிலோவாட் பாய்லர் மாட்டியிருப்பார்கள். ஹீட்டிங்குக்கான உச்ச அளவைத் தனியாகக் குறைக்க சர்வீஸ் மெனுவில் வழி உண்டு. ஆண்டு சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தானாகச் செய்ய மாட்டார்கள். பாய்லர் மூடியைக் கழற்றும் எந்த வேலையும் உரிமம் பெற்றவருடையது.

ரேடியேட்டர் வால்வு

1 முதல் 5 வரை எண் போட்ட தலை. பலர் இதைத் தண்ணீர்க் குழாய்போல நினைத்து, சீக்கிரம் சூடாகட்டும் என்று 5க்குத் திருப்புகிறார்கள். உள்ளே மெழுகோ திரவமோ அறையின் சூட்டில் விரிந்து ஓர் ஊசியை அழுத்தி வழியை மூடுகிறது. 3 என்றால் சுமார் 20 டிகிரி, ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 4 டிகிரி. 5இல் வைத்தால் வேகம் கூடாது, 28 டிகிரி வரும்வரை நிறுத்தாமல் ஓடும். நட்சத்திரக் குறி என்பது குழாய் உறையாமல் காப்பதற்கு மட்டும். திரையோ சோபாவோ மறைத்தால் தலை தன் சூட்டிலேயே மயங்கி, அறை குளிர்ந்து கிடக்கும்போதே மூடிக்கொள்ளும்.

1இல் வைத்தும் ரேடியேட்டர் கொதிக்கிறது, அல்லது 5இல் வைத்தும் சில்லிட்டுக் கிடக்கிறது என்றால் கோடையில் ஊசி இறுகிப்போயிருக்கும். தலையை 5க்குத் திருப்பி, அடியில் உள்ள வளையத்தைக் கையால் தளர்த்திக் கழற்றுங்கள். நடுவில் தெரியும் ஊசியை ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அழுத்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாகத் துள்ளி வர வேண்டும். வராவிட்டால் வால்வின் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மீண்டும் அழுத்துங்கள். குறடு போட்டு இழுத்தால் ஊசி கையோடு வந்துவிடும், பின்னாலேயே கறுப்புத் தண்ணீரும் வரும்.

தலை மட்டும் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான வால்வுகளுக்கு எம்30 × 1.5 மரை. முழு வால்வையும் மாற்ற வேண்டுமானால் தண்ணீரை வடிக்க வேண்டும், பிளம்பர் தேவை. சுவர்த் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் இந்த வால்வைப் போடக் கூடாது. வால்வு மூடிக்கொள்ளும், தெர்மோஸ்டாட் இன்னும் குளிர்கிறது என்று பாய்லரை விரட்டிக்கொண்டே இருக்கும். ஆள் புழங்காத அறைகள் உள்ள வீட்டுக்கு இது நிச்சயமாகக் காசுக்குத் தகும். ஒற்றை அறை வீட்டுக்கு வேண்டாம்.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்

விளம்பரம் அதிகம், பலன் வீட்டைப் பொறுத்தது. வெளியே 6 டிகிரி, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 15. ஒரு டிகிரி இறக்கினால் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 6, 7 சதவீதம் வெப்ப இழப்பு குறைகிறது. இந்தக் கணக்கு பழைய திருகுத் தெர்மோஸ்டாட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஆட்கள் வெளியே போகும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிற வீட்டில் ஸ்மார்ட் வகை உதவும்; நாள் முழுக்க ஆள் இருக்கும் வீட்டில் அழகுக்கு மாட்டியதுபோலத்தான். வாங்குவதானால் ஓப்பன்தெர்ம் போன்ற தொடர்பு முறையில் பாய்லரோடு பேசும் வகையா என்று பாருங்கள். அந்த வகை தண்ணீரின் சூட்டைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். வெறும் ரிலே வகை பாய்லரைப் போடும், அணைக்கும், அவ்வளவுதான்.

மிச்சமுள்ளவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஷவர் தலை நல்ல முதலீடு: மேலே சொன்ன 4 கிலோவாட் மணி இரண்டரைக்கு இறங்கும். மின்சார ஷவருக்கு மாட்டக் கூடாது. கதவு, ஜன்னல் இடுக்குக்கு ஒட்டும் ரப்பர் பட்டை மலிவு, உடனே தெரியும். ஆனால் காஸ் சாதனம் உள்ள அறையின் காற்றோட்டத் துளையை ஒருபோதும் அடைக்கக் கூடாது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒட்டும் வெள்ளித் தாள், இன்சுலேஷன் இல்லாத வெளிச்சுவருக்கு மட்டும் கொஞ்சம் பயன்படும். உள்சுவரில் ஒட்டினால் பக்கத்து அறைக்குப் போகிற சூட்டைத் தடுத்ததுதான் மிச்சம். கார்பன் மோனாக்சைடு அலாரம் பில்லைக் குறைக்காது. இருந்தாலும் எந்தச் சேமிப்பு வேலைக்கும் முன்னால் வாங்க வேண்டியது அதுதான், குறிப்பாகக் குளிருக்குப் பயந்து அடுப்பை எரியவிட்டு உட்காரும் பழக்கம் இருந்தால். அந்தப் பழக்கத்தையும் விட வேண்டும்.

ஏற்கெனவே பாக்கி ஏறிவிட்டவர்களுக்குச் சாமான் எதுவும் அவசரமில்லை. கெடு தேதிக்கு முன்பே நிறுவனத்தை அழைத்து, தேதி தெரியும்படி எடுத்த மீட்டர் படத்தை அனுப்பி, உத்தேச ரீடிங்கைத் திருத்தச் சொல்லுங்கள். மிச்சத்தை வருமானத்துக்கு ஏற்ற தவணையாகக் கேளுங்கள். பேசியதை எழுத்திலும் வாங்குங்கள். மீட்டரையே சோதிக்கச் சொன்னால், மீட்டர் சரி என்று வந்தால் கட்டணம் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கனம் என்று ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிடுவதும் சரியல்ல. உலக சுகாதார அமைப்பு 2018 வழிகாட்டுதலில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்கிறது. கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் அதற்கும் கொஞ்சம் மேலே. எல்லா அறைக்கும் முடியாவிட்டால் அவர்கள் இருக்கும் ஓர் அறைக்காவது.

கடைசியாகக் காந்தம். காஸ் குழாயில் மாட்டினால் மூலக்கூறுகள் 'வரிசைப்பட்டு' நன்றாக எரியுமாம். மீத்தேன் காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்காத வாயு. ஒழுங்காக இயங்கும் பர்னரில் காஸ் ஏற்கெனவே முழுமையாகத்தான் எரிகிறது, மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. தெரியாமல் வாங்கிவிட்டவர்கள் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, தினசரி மீட்டர் ரீடிங் எழுதும் தாளை அதன் அடியில் செருகி வைக்கலாம்.