மியூசினா, ட்ரெஃபாயிலா: இரைப்பைச் சுவருக்கு யார் காவல்?

இரைப்பை அமிலத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கடுமை, 7 என்றால் நடுநிலை) 1 முதல் 2 வரை இறங்கும். அந்த அமிலம் இரைப்பையின் சுவரையே அரிக்காமல் இருப்பதில் மியூசின், ட்ரெஃபாயில் என்ற இரண்டு வகைப் புரதங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

மியூசின் தடுக்கிற ரகம். எடையில் பெரும்பகுதி சர்க்கரைதான். அந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் நீரைப் பிடித்துக்கொண்டு கொழகொழவென்று சளிப்படலமாகின்றன. செல்கள் சுரக்கும், அமிலத்தை நடுநிலையாக்கும் பைகார்பனேட் அதற்குள் தங்கிவிடுவதால், படலத்தின் அடியில் பிஎச் கிட்டத்தட்ட 7. மேலே கடும் அமிலம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தூரத்தில் நடுநிலை! ஆனால் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்தச் சுரப்பைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைத்தால் சளியும் பைகார்பனேட்டும் சேர்ந்தே குறையும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவோ அமோனியாவை உண்டாக்கி, படலத்தை நெகிழவைத்து நீந்தி உள்ளே போய்விடும்.

ட்ரெஃபாயில் புரதங்கள் ரொம்பச் சின்னவை, வேலை பழுதுபார்ப்பு. மூன்று இதழ்போல இறுக்கமாக மடிந்திருப்பதால் புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சினால் லேசில் சிதைக்க முடியாது. சிராய்ப்பு ஏற்பட்டால், செல் பிரிந்து பெருகும்வரை காத்திருக்காமல், பக்கத்துச் செல்களை நகர்ந்துவந்து மூடத் தூண்டும். மேலோட்டமான காயம் சில மணி நேரத்தில் மூடிவிடும்.

அன்றாடக் காவலுக்கு என் ஓட்டு மியூசினுக்குத்தான். அதற்காக மற்றதை உதிரி என்று நினைக்க வேண்டாம்: டிஎஃப்எஃப்1 என்ற ட்ரெஃபாயில் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு இரைப்பையில் கட்டிகள் வந்தன.