மாதிரியா, கள அளவீடா, லைடாரா: சால்மன் வாழிடத்தை எதைக் கொண்டு வரைவது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடலோர ஆறுகளில் கோஹோ சால்மனையும் ஸ்டீல்ஹெட்டையும் (கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் மீன்) மீட்க எந்த ஓடையில் வேலையைத் தொடங்குவது? இதற்கு மூன்று வழிகளில் வரைபடம் போடுகிறார்கள். மூன்றும் சொல்வது வெவ்வேறு சங்கதி.

செலவு குறைந்தது உள்ளார்ந்த திறன் மாதிரி. 10 மீட்டர் கட்டமுள்ள உயரத் தரவை ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் ஏற்றி, ஓடையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் வாட்டம் (சரிவு), ஆண்டுச் சராசரி நீரோட்டம், வாய்க்காலை ஒப்பிடப் பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் கணக்கிட்டு மீனுக்கு அது எவ்வளவு ஏற்றது என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் தருவார்கள். கோஹோவுக்கு வாட்டம் குறைந்த, அகன்ற பள்ளத்தாக்கு வேண்டும். ஸ்டீல்ஹெட் அதைவிடச் செங்குத்தான, ஒடுங்கிய ஓடையிலும் நன்றாக வளரும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரைபடம் போட்டால் இரண்டுக்குமே தவறாகிவிடும்.

இந்த மாதிரி சொல்வது நிலத்தின் அமைப்பை மட்டுமே. கரை கட்டி, நேராக வெட்டி, மரமெல்லாம் அகற்றிய ஓடைக்கும் 0.9 விழும். குளிர்கால வெள்ளத்தில் கோஹோ குஞ்சுகள் ஒதுங்கும் கிளை வாய்க்கால்களும் பீவர் என்ற கொறிவிலங்கு அணை கட்டி உண்டாக்கும் குளங்களும் 10 மீட்டர் கட்டத்தில் தெரிவதே இல்லை.

இன்றைய நிலை தெரிய வேண்டுமானால் தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். மடுக்கள், சரளைப் படுகை, விழுந்து கிடக்கும் பெருமரங்கள் எல்லாவற்றையும் நடந்தே எண்ணுவார்கள். மடுவின் ஆழத்தை அப்படியே எழுதக் கூடாது. நீர்மட்டத்தோடு அது மாறும். மிக ஆழமான இடம் 90 செ.மீ., தண்ணீர் மடுவைவிட்டு வழியும் விளிம்பு 30 செ.மீ. என்றால், குறிக்க வேண்டியது 60 செ.மீ. அப்போதுதான் அடுத்த ஆண்டு அளவோடு ஒப்பிட முடியும். எது மடு, எது வெறும் மெதுவான ஓட்டம் என்பதில் இரு குழுக்கள் ஒத்துப்போவது அரிது. சில பகுதிகளை இரண்டு குழுவும் அளந்து பார்ப்பது கட்டாயம். கோடையில் மட்டும் அளந்தால் குளிர்கால ஒதுங்கிடம் விட்டுப்போகும். நில உரிமையாளர் அனுமதி தராத இடம் வெற்றிடமாகவே நிற்கும்; கோஹோவுக்கு ஏற்ற அகன்ற பள்ளத்தாக்குகளில் பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால் இது சிறிய ஓட்டை அல்ல.

லைடார், அதாவது விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நிலத்தின் உயரத்தை அளப்பது, விலை கூடியது. ஆனால் காட்டுக்கு அடியில் தூர்ந்து கிடக்கும் பழைய வாய்க்கால்களை அதுபோல வேறெதுவும் காட்டாது. சாதாரண அகச்சிவப்புக் கதிர் தண்ணீருக்குள் போகாது. ஆற்றுப்படுகை தெரியப் பச்சைக் கதிர் வேண்டும். அதுவும் கலங்கல் நீரிலும் நுரையிலும் தோற்றுவிடும்.

எங்கள் பரிந்துரை: முதலில் மாதிரி. அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற துண்டுகளில் மட்டும் கள அளவீடு. வெள்ளச் சமவெளியை மீண்டும் ஆற்றோடு இணைக்கும் திட்டம் இருந்தால் மட்டுமே லைடார். மாதிரியும் களமும் நன்றென்று சொல்லும் ஓடையை முதலில் காப்பாற்றுங்கள். மாதிரி உயர்ந்து களம் தாழ்ந்த ஓடையில் பெருமரங்களைக் கிடத்தி, கரை திறந்து சீரமையுங்கள்.

எந்த வழியானாலும் சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப் பாலங்களைத் தனி அடுக்காக ஏற்ற மறக்காதீர்கள். வாஷிங்டன் மாநில அளவுகோலில், குழாய்க்குள் ஆற்றுப்படுகை மண் தொடர்ந்து இல்லாமல், வெளிவாயில் தண்ணீர் 24 செ.மீ. விழுந்தாலே அது மீனுக்குத் தடை. அப்படி ஒன்று கீழே இருந்தால், அதற்கு மேலே உள்ள 0.9 எல்லாம் கடலிலிருந்து வரும் மீனுக்கு இப்போதைக்கு எட்டாக்கனி.